ஆட மறந்த குதிரை

மாப்பிள்ளை வீட்டார் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. குதிரை ஆடவில்லை.

பெரியவர் லாயத்து வாசலில் இடிந்துபோய் நின்றார். நாலு தலைமுறையாக அந்த வீட்டில் ஆடாத குதிரை கிடையாது. கதவுக்கு மேல் தலையை நீட்டி, இடமும் வலமுமாக மணிக்கணக்கில் ஆடும். 'ஆடுங்குதிரை வீடு' என்றுதான் ஊரே சொல்லும். சம்பந்தியாக வரப்போகிறவருக்கு எழுதிய கடிதத்திலும் அதைக் குறிப்பிட்டு, 'நேரில் பாருங்கள்' என்று அடிக்கோடு போட்டிருந்தார்.

மூன்று நாளாக அது மரம் மாதிரி நிற்கிறது.

கேரட் கொடுத்தார். தின்றது. ரேடியோவில் பாட்டு வைத்தார். ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, நின்றபடியே தூங்கிவிட்டது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து எழுப்பினார். நிதானமாக வைக்கோலில் படுத்து, பக்கத்தில் கிடந்த ஆட்டின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

பெரியவருக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்த ஆடு இங்க என்ன பண்ணுது?"

"கொட்டகை ஒழுகுதுப்பா. மூணு நாளா இங்கதான் கட்டுறேன்," என்றாள் மகள். "ரெண்டும் நல்லா ஒட்டிக்கிச்சு."

"நம்ம குதிரை ஆட்டோட படுத்துக் கிடக்குறதை அவங்க பார்த்தா, நான் முகத்தை எங்கம்மா வெச்சுக்கிறது? வெளிய கொண்டு போ."

மகள் ஆட்டைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். அது கத்தியது. குதிரை துள்ளி எழுந்து கனைத்தது, கதவை உதைத்தது, ஆட்டின் குரல் தேய்ந்து மறையும்வரை காதை நிமிர்த்திக் கேட்டது. பிறகு அதன் தலை இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தது.

கார் வந்து நின்றபோது முழு வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

சம்பந்தியும் அவர் மனைவியும் வியந்து பார்த்தார்கள். பெரியவர் நிமிர்ந்தார்.

"நாலு தலைமுறையா ஒரு குதிரைகூட ஆடாம இருந்ததில்ல. எங்க வீட்டு வளர்ப்பு அப்படி. பொண்ணையும் அப்படித்தான் வளர்த்திருக்கேன்."

அவர்களைக் கூட்டிவந்த டிரைவர், பந்தயக் குதிரை லாயத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். கிட்டே வந்து குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"இது ஆட்டம் இல்லீங்கய்யா. துணையில்லாம அடைச்சு வெச்சா, ஏக்கத்துல வர்ற கோளாறு. நாலு தலைமுறையாவா இப்படி வளர்க்குறீங்க?"