மாமா கொடுத்த பிரிட்ஜின் நடத்தை பற்றி

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி
8-5-94, ஞாயிறு

மரியாதைக்குரிய அரக்கோணம் மாமா அவர்களுக்கு,

மருமகன் மனோகரன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அம்மா சுகம், தங்கை வனஜா சுகம். நீங்கள் அனுப்பிய பிரிட்ஜ் சுகமில்லை. அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். குறையாவிட்டாலும் நீங்கள் எழுதப்போவதில்லை. வருகிற இருபத்துமூன்றாம் தேதி வனஜா கல்யாணத்துக்கு வருகிறீர்களா இல்லையா என்று அம்மா கெஞ்சிக் கெஞ்சிப் போட்ட மூன்று கடிதங்களுக்கே பதிலைக் காணோம். அப்பா இல்லாத வீடு. பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போய் மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்த வேண்டியவர் தாய்மாமன். அந்தத் தாய்மாமன், அழைப்பிதழில் தன் பெயருக்குப் பின்னால் 'ரயில்வே ஓய்வு' என்று போடவில்லை என்பதற்காக வாயை மூடிக்கொண்டு, பதிலுக்கு ஒரு டெம்போவில் பழைய பிரிட்ஜை ஏற்றி அனுப்புகிறார். டெம்போக்காரர் கையில் ஒரு துண்டுச் சீட்டு: 'ஓடுகிற கண்டிஷன்.' ஓடுகிற பிரிட்ஜை யார் மாமா சும்மா கொடுப்பார்கள்? அன்றைக்கே எனக்குச் சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேக்கைக் கடையில் வாங்கலாம், கல்யாண ஒயினை மட்டும் வீட்டில்தான் போட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். உங்கள் கல்யாணத்துக்கும் அவள்தான் போட்டாளாம், நீங்கள் இரண்டாவது கிளாஸ் கேட்டீர்களாம். ஈஸ்டர் முடிந்த கையோடு கறுப்புத் திராட்சையை நசுக்கி, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு போட்டு ஜாடியில் கட்டிவிட்டாள். ஆனால் இது டிசம்பர் இல்லை, சித்திரை. தகர ஷீட் போட்ட இந்த வீட்டுக்குள் பகலில் நாமே புளித்துப்போகிறோம், திராட்சை எம்மாத்திரம்? வெளியே வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். பிரிட்ஜுக்குள் வைத்தால் அதன் குளிருக்கு ஈஸ்ட் தூங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் பதினெட்டு டிகிரியில் நிறுத்தினால் ஒயின் பிழைக்கும். அதற்குத்தான் நான் ஒரு வேலை செய்தேன்.

எங்கள் கம்பெனியில் பெயின்ட் அடித்த இரும்புச் சாமான்களைச் சுடுகிற அடுப்புகளுக்கு டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் செய்கிறோம். 'பையன் ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கிறான்' என்று நீங்கள் அரக்கோணம் முழுக்கச் சொல்லிவைத்திருப்பதாகக் கேள்வி. அதை இன்றோடு நிறுத்திக்கொள்ளவும். உள்ளங்கை அளவுப் பெட்டி. முகப்பில் சிவப்பு எண்களில் சூடு எவ்வளவு என்று எரியும். எத்தனை டிகிரி வேண்டும் என்று பட்டனை அமுக்கிச் சொல்லிவிட்டால், ஒயர் முனையில் இருக்கிற சென்சாரைக் கேட்டுக் கேட்டு, உள்ளே இருக்கிற ரிலே 'டக்' என்று கரண்டைக் கொடுக்கும், 'டக்' என்று எடுத்துவிடும். முகப்பில் கீறல் விழுந்ததென்று ஸ்கிராப் கூடையில் போட்ட ஒன்றை எடுத்துவந்தேன். திருட்டு என்று சொல்லாதீர்கள். எட்டு மணி நேரக் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, 'நீ கான்ட்ராக்ட்தானே' என்று கேன்டீன் டோக்கனையும் பிடுங்கிக்கொள்கிறவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு என்னிடம் வரலாம். வனஜாவின் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் மூடியில் சதுரமாக வெட்டிக் கன்ட்ரோலரைப் பொருத்தினேன். சுவரிலிருந்து வருகிற கரண்டு டிபன் பாக்ஸுக்குள் போய், ரிலே விட்டால்தான் பிரிட்ஜ் பிளக்குக்குப் போகும்படி ஒயரிங் செய்தேன். பிரிட்ஜின் சொந்தக் குமிழ் குறுக்கே வந்து நிறுத்திவிடாதபடி அதைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவைத்தேன். சென்சாரைக் கதவு ரப்பர் சந்து வழியாக உள்ளே விட்டு ஜாடி வயிற்றில் டேப் போட்டு ஒட்டினேன். பதினெட்டு டிகிரி என்று புரோகிராம் போட்டேன். பார்க்காமலே போடுவேன். காலையிலிருந்து இருட்டும்வரை இதே பட்டன்களை இதே வரிசையில் அமுக்குகிற கை மாமா இது. தூக்கத்தில்கூடத் தலையணையை அமுக்குகிறேன் என்று அம்மா சொல்கிறாள். அதனால் தப்பு என் கையில் இருக்க வழியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுவிட்சைப் போட்டேன். முப்பத்துநாலு என்று சிவப்பாக எரிந்தது. பிரிட்ஜ் மூச்சுவிடவில்லை. அம்மா பிரிட்ஜ் மேல் கைவைத்து ஜெபம் பண்ணினாள். அப்போதும் இல்லை. 'ஓடுகிற கண்டிஷன்' என்ற உங்கள் சீட்டை எடுத்து அதன் கதவிலேயே ஒட்டினேன். பிறகு பூந்தமல்லி போய் பிரிட்ஜ் மெக்கானிக் அமீர் பாயைக் கூட்டிவந்தேன். அவர் என் டிபன் பாக்ஸைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, பிரிட்ஜை நேராகச் சுவரில் சொருகினார். உர்ர் என்று ஓடியது.

"மோட்டார் ராஜா மாதிரி ஓடுது தம்பி. உங்க டிபன் பாக்ஸ்லதான் ஏதோ கோளாறு."

"பாய், நாள் பூரா இதைத்தான் செய்யறேன்."

"நானும் நாள் பூரா பிரியாணிதான் திங்கறேன். ஆக்கச் சொன்னா தெரியுமா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் போனதும், பிரிட்ஜ் நன்றாகக் குளிரட்டும் என்று கொஞ்ச நேரம் நேராகவே ஓடவிட்டேன். குளிர்ந்தது. பிறகு டிபன் பாக்ஸை நடுவில் மாட்டினேன். ஓடியது மாமா! 'டக்' என்று ரிலே பிடித்தது, பிரிட்ஜ் பாட்டுக்கு ஓடியது. பாயின் யோக்கியதை தெரிந்துபோயிற்று. ஆக, பெட்டியும் சரி, பிரிட்ஜும் சரி. அப்படியானால் முதலில் கரண்டை நிறுத்தியது யார்? மீட்டர் பலகை வீட்டுக்காரர் செங்கல்வராயன் வாசலில் இருக்கிறது. ப்யூஸ் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில். நம் வீட்டு பேன் வேகமாகச் சுற்றினாலே கதவைத் தட்டுகிற மனிதர். லைட் எரிந்துகொண்டுதானே இருந்தது என்று வனஜா குறுக்கே கேட்டாள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு அவ்வளவு நுணுக்கமாக யோசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பார்த்து முகப்பேரிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். ஹவுசிங் போர்டு பிளாட்டில் இரண்டாவது மாடியில் இருப்பதாலோ என்னவோ, நம் வீட்டில் எதைப் பார்த்தாலும் குனிந்து பார்க்கிறார். ஒயின் ஜாடியையும் குனிந்து பார்த்தார்.

"எதுக்கும்மா இந்தச் சிரமமெல்லாம்? மிலிட்டரி கேன்டீன்ல நமக்கு ஆள் இருக்கு. சொன்னா நாலு பாட்டில் சீலோட வந்துடும். வர்றவங்களும் பெரிய மனுஷங்க, இல்லையா?"

அம்மா தட்டில் வைத்திருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டே, "இல்லீங்க, இது நாங்க செய்யற ஒண்ணுதான்" என்றாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் மாமா. நகை குறைவு, பாத்திரம் குறைவு, மண்டபமும் அவர்கள் பார்த்த மண்டபம். அவள் கையால் கொடுக்க அந்த ஒரு கிளாஸ்தான் மிச்சம். அதையும் சீல் வைத்து வாங்கிவிடலாமாம். அதோடு விட்டாரா? என் டிபன் பாக்ஸ் பக்கம் குனிந்து, "இது என்ன தம்பி, கடிகாரமா? பன்னெண்டுன்னு காட்டுது. மணி அஞ்சரை ஆச்சே" என்றார். பதினெட்டில் நிற்க வேண்டியது பன்னிரண்டுக்கு எப்படி வரும்? அவர் விரல் பட்டிருக்கிறது. கிண்டலும் பண்ணிவிட்டு பட்டனையும் அமுக்கியிருக்கிறார். மறுநாள் காலை கதவைத் திறந்தால் உள்ளே காஷ்மீர். ஒயின் கறுப்புப் பனிக்கட்டி. ஜாடி வாயிலிருந்து அடிவரை விரிசல். பிரிட்ஜ் அப்போதும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. புரோகிராமைத் திறந்து பார்த்தேன், நான் போட்ட பதினெட்டு அப்படியேதான் இருந்தது. மாற்றிவிட்டுத் திரும்பச் சரியாகவும் வைத்துவிட்டுப் போகிற கெட்டிக்காரர்களிடம் நாம் பெண் கொடுக்கிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஈரத் துணியால் அடித்தாள்.

பிரிட்ஜை நிறுத்தி, உருகவிட்டு, வீணாய்ப்போனது போக மீதியை வேறு ஜாடிக்கு மாற்றி, கொஞ்சம் சர்க்கரை போட்டு அம்மா மறுபடி கட்டினாள். ஜாடியை உள்ளே வைத்து சுவிட்சைப் போட்டால் முப்பத்துமூன்று எரிகிறது, பிரிட்ஜ் செத்துக் கிடக்கிறது. நான் வேலைக்குப் போய்விட்டேன். அந்த வெக்கையில் ஒயின் பொங்கி, மூடியைத் துணியோடு தூக்கி எறிந்து, பிரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டு தரைக்கு வந்துவிட்டது. நான் திரும்பும்போது வாசலில் செங்கல்வராயன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா நைனா, ஊட்டுக்குள்ள இன்னா காச்சிகினு கீற? தெருமுன வரிக்கும் தூக்குது."

"ஒயினுங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு. எங்க கோயில்ல பாஸ்டரே குடுப்பாரு."

"பாஸ்டரு குடுத்தா தீர்த்தம். நீ குடுத்தா கேசு. போலீசு வந்தா ஓனரு யாருன்னு என்னியத்தான் இட்டுகினு போவான். அத்த வுடு, இது இன்னா டிபன் பாக்ஸ்ல நம்பர் எரியுது? இன்னா, பாம் கீம் செய்றியா?"

"டெம்பரேச்சர் கன்ட்ரோலருங்க."

"எத்தினி மணிக்கு வெடிக்கும்? சொல்ட்டன்னா பொஞ்சாதிய இட்டுகினு மச்சான் ஊட்டுக்குப் பூடுவேன்."

கல்யாணம் முடிந்த மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இவ்வளவு பயப்படுகிறவன் ப்யூஸைத் தொட்டிருக்க மாட்டான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சம்பந்தியும் அதற்குப் பிறகு வரவில்லை. பாயும் வரவில்லை. ஆனாலும் அதே கூத்து. நேராகச் சொருகிக் குளிரவைத்துவிட்டு டிபன் பாக்ஸை மாட்டினால், உறைகிறவரை ஓடுகிறது. வெந்துபோய்க் கிடக்கும்போது மாட்டினால், அசையமாட்டேன் என்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். வேலை இல்லாத நேரத்தில் மாய்ந்து மாய்ந்து உழைக்கிறது, வேலை இருக்கிற நேரத்தில் படுத்துக்கொள்கிறது. எங்கள் கம்பெனி ஏசி அறையில் இருக்கிற சூப்பர்வைசர்களைத் தவிர இந்தக் குணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இப்போது யோசித்தால் கண்டிருக்கிறேன். அப்பா இருந்த காலத்தில், எங்களுக்கு ஒரு குறையும் இல்லாதபோது, வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து கறிச்சோறு தின்றுவிட்டு யோசனை சொன்னவர் யார்? இன்றைக்கு வீடு கொதிக்கிறபோது அரக்கோணத்தில் அசையாமல் கிடக்கிறவர் யார்? பிரிட்ஜ் உங்கள் வீட்டில் பத்து வருஷம் இருந்திருக்கிறது. பழகிவிட்டது.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், கல்யாணத்துக்கு நீங்கள் வரவேண்டாம். வனஜாவை நானே கைபிடித்து அழைத்துப்போவேன். 'ரயில்வே ஓய்வு' இல்லாவிட்டாலும் எனக்கு இரண்டு கை இருக்கிறது. டெம்போ பிடித்து ஆளனுப்பி உங்கள் பிரிட்ஜை எடுத்துக்கொள்ளவும்.

அத்தைக்கு எங்கள் எல்லாருடைய அன்பும். உங்களுக்கு, வயதுக்கான மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
ச. மனோகரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் வனஜா இந்தக் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். என் கை புரோகிராம் போடுகிற அழகை எழுதியிருக்கிற இடத்தில் நின்றுவிட்டாள். "அண்ணா, உங்க கம்பெனி அடுப்புக்குச் சூடு குறைஞ்சா கரண்டு குடுக்கணும். பிரிட்ஜுக்குச் சூடு ஏறினாத்தானே குடுக்கணும்? நீ அடுப்புக்குப் போட்டியா, பிரிட்ஜுக்குப் போட்டியா?" என்றாள். டிபன் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்து, இத்தனை வருஷ வேலையில் ஒருநாளும் மாற்ற வேண்டியிராத ஒரு கட்டத்துக்குப் போனேன். 'சூடாக்கு' என்று இருந்தது. 'குளிராக்கு' என்று மாற்றினேன். 'டக்' என்றது. உங்கள் பிரிட்ஜ் ராஜா மாதிரி ஓடுகிறது. பதினெட்டுக்கு வந்ததும் தானே நின்றது. மிச்ச ஒயின் ஜாடியில் அடக்கமாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு அரைக் கிளாஸ் தேறும் என்கிறாள் அம்மா.

ஆகவே பாய், செங்கல்வராயன், சம்பந்தி, பிரிட்ஜ், நீங்கள் எல்லாரும் நிரபராதி. கம்பெனியைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. வரவேண்டாம் என்றதை அடித்துவிட்டு வேறு கடிதம் எழுதப் போனேன். வனஜா விடவில்லை. "அம்மா அன்பா எழுதின மூணுக்கும் மாமா அசையலை. இதைப் படிச்சா உன்னை அறையறதுக்காவது அடுத்த ரயிலைப் பிடிப்பார். அப்படியே அனுப்பு" என்கிறாள். கையை ஓங்கிக்கொண்டே வாருங்கள் மாமா. வாசலிலேயே நிற்பாளாம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் கோயில்வரை விடமாட்டாளாம்.