அமைச்சரின் திருமுகம் தரையில் தேய்ந்த வழக்கு

ஒரு பயணிகள் விமானம் தரையிறங்கும்போது அதன் மூக்குச் சக்கரம் வெளியே வர வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். அரசு விமானக் கழகத்தின் அந்த விமானம் அன்று இந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கவில்லை. பின் சக்கரங்கள் ஒழுங்காக இறங்கின. மூக்குச் சக்கரம் தன் அறைக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஓட்டிய கேப்டன் நரைத்த மீசைக்காரர். எரிபொருள் வற்றும் வரை வானத்தில் வட்டமடித்தார். பிறகு பின் சக்கரங்களை ஓடுதளத்தில் வைத்து, மூக்கைத் தாங்க முடிந்த மட்டும் தாங்கி, கடைசியில் தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவது போலக் கீழே கிடத்தினார். விமானம் தீப்பொறி பறக்கத் தேய்ந்துகொண்டே போய், ஓடுதளத்தைத் தாண்டி, ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் நின்றது. ஒருவருக்குக் கை முறிந்தது. இன்னொருவருக்கு முன்பல் போயிற்று. மற்றவர்கள் முழுசாக இறங்கி நடந்தார்கள். நடந்தவர்கள் கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "நீங்க மனுஷன் இல்ல சார், தெய்வம்" என்று ஒரு பருத்த ஆள் தேம்பித் தேம்பி அழுதார்.

தெய்வத்தின் லைசென்ஸை மறுநாள் காலையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காரணம் தெரியும் வரை ஓட்டியவர் ஓட்டக் கூடாது என்பது விதி. விமானத்தைப் பழுது பார்த்தவர்கள் பார்க்கக் கூடாது என்றோ, உத்தரவு போட்டவர்கள் போடக் கூடாது என்றோ விதி எதுவும் இல்லை. விதிகளை எழுதியவர்கள் யார் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அரசாங்கம் ஓர் உண்மையைப் புதைக்க நினைத்தால் முதலில் அதற்கு நாற்காலிகள் வாங்கும். விமான நிலையத்தின் மாடியில் ஓர் அறையைக் காலி செய்து, சுழலும் நாற்காலிகள் போட்டு, குளிர்சாதனம் வைத்து, வாசலில் பலகை மாட்டினார்கள்: "கூடுதல் தரைத் தொடர்பு நிகழ்வுக்குச் சாத்தியமான காரணங்களை ஆராயும் உயர்நிலைக் குழு." விமானம் மோதியது, விழுந்தது போன்ற சொற்களைத் துறை விலக்கி வைத்திருந்தது. வழக்கமாகச் சக்கரம் மட்டுமே தரையைத் தொடும், அன்று விமானமும் தொட்டது, ஆகவே கூடுதல்.

குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. இந்தத் துறையில் பழுத்த அனுபவசாலி. படகு கவிழ்ந்த விசாரணையில் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர். பாலம் இடிந்த விசாரணையில் புவியீர்ப்பைக் கையும் களவுமாகப் பிடித்தவர். இரண்டுமே அரசு ஊழியர்கள் அல்ல என்பது அவருடைய நடுநிலைக்குச் சான்று. அவருக்கு வலப்பக்கத்தில் விமானத்துறைச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். குற்றம் சாட்டப்படக்கூடியவர் குழுவிலேயே இருந்தால் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

முதல் சாட்சி கேப்டன். கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார்.

"சொல்லுங்க. என்ன நடந்தது?"

"ஐயா, மூக்குச் சக்கரத்துக்குக் கீழ ஒரு கதவு இருக்கு. ரெண்டு பலகையா விரியும். அது விரியல."

"ஏன்?"

"நடு இடுக்குல பட்டி பூசி அடைச்சிருந்தாங்க."

"சுவத்துக்குப் பூசுவாங்களே, அந்தப் பட்டியா?"

"அதேதான். கழகத்தோட ஆண்டு விழாவுக்கு விமானத்தோட மூக்குக்கு அடியில அமைச்சர் முகத்தை வரைஞ்சாங்க. கீழேருந்து ஜனங்க அண்ணாந்து பார்த்தா அவர் சிரிக்கிறது தெரியணும்னு. சக்கரக் கதவோட இடுக்கு சரியா வாயில வந்துடுச்சு. அமைச்சர் பல்லு விழுந்த மாதிரி இருக்காரு, அடைங்கன்னு உத்தரவு. அடைச்சுட்டாங்க. அடைச்சது காயறதுக்குள்ள விழா நேரம் ஆயிடுச்சுன்னு விமானத்தை எடுக்கச் சொன்னாங்க. புதுப் பெயிண்ட் அடிச்சிருக்குன்னுதான் என்கிட்ட சொன்னாங்க. ஏறும்போது பட்டி ஈரம், கதவு திறந்து மூடிக்கிச்சு. மேல போனதும் காஞ்சு கல்லாயிடுச்சு."

"யார் உத்தரவு?"

கேப்டன் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் குளிர்சாதனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது தன்னைக் கூப்பிட்டது போல.

கேப்டன் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கட்டை விரல் அளவுக்கு இறுகிய பட்டித் துண்டு. ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அது அமைச்சரின் முன்பல். தலைவர் அதை மரியாதையோடு வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் காரணம்னு எவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"முழு உறுதியா. சந்தேகமே இல்ல ஐயா."

தலைவரின் முகம் தெளிந்தது. "அப்படின்னா இது எங்க அதிகாரத்துக்கு வெளியில போயிடுது. எங்களுக்குக் கொடுத்திருக்கிறது சாத்தியமான காரணங்களை ஆராயற வேலை. நீங்க கொண்டு வந்திருக்கிறது நிச்சயமான காரணம். சந்தேகமே இல்லாத விஷயத்தைத் தொட எங்களுக்கு உரிமை கிடையாது."

"அப்ப அதை யார் விசாரிப்பாங்க?"

"அதுக்குத் தனிக் குழு போடணும்."

"போடுங்களேன்."

"காரணம் என்னன்னு தெரிஞ்சாத்தானே போட முடியும்? அதைத்தான் நாங்க ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கோம்."

பல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கேப்டன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். தரையில் அவருக்கு ஒரு வேலையும் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால் கட்டைவிரலில் அடிப்பார். பால் காய்ச்சச் சொன்னால் அடுப்பை நனைப்பார். அந்த லைசென்ஸ் போனால் அவர் வீட்டில் ஒரு கூடுதல் நாற்காலி, அவ்வளவுதான். அவருக்கு அது தெரியும். அவர் மனைவிக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

"என்னங்க, நம்பினாங்களா?"

"நம்பினாங்க. அதனாலதான் வேண்டாம்னுட்டாங்க."

"உங்களுக்குப் பிழைக்கத் தெரியல. பறவை குறுக்க வந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல? பறவைக்கு என்ன, சங்கமா இருக்கு, சண்டைக்கு வர?"

"வராத பறவையை எப்படி வந்துச்சுன்னு சொல்றது?"

"வராத சக்கரத்தைப் பத்தி அவ்வளவு நேரம் பேசிட்டு வந்தீங்கல்ல?"

மறுநாள் சாத்தியமான காரணங்கள் வரிசையில் நின்றன. வானிலைத் துறை அதிகாரி வந்து, அன்றைய காற்று துறையின் அனுமதி பெற்று வீசிய காற்று அல்ல என்று கைகழுவினார். நில அளவைக்காரர், ஓடுதளம் சற்று மேடாக இருந்திருக்கலாம், அதாவது தரை தேவைக்கு அதிகமாக மேலே வந்திருக்கலாம் என்றார். தோட்டக்காரரைக் கூப்பிட்டு, முட்டைக்கோஸ் விமானத்தை ஈர்த்திருக்க முடியுமா என்று கேட்டார்கள். "என் முட்டைக்கோஸ் புழுவைத்தான் சார் ஈர்க்கும்" என்றார் அவர். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு வந்தவர் கழகத்தின் நேர்மறை ஆலோசகர். இப்போது பெரிய அலுவலகம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவரை வைத்துக்கொள்கிறார்கள். ஊழியர் பற்றாக்குறை என்று யாராவது முறையிட்டால், பற்றாக்குறை என்ற எண்ணமே பற்றாக்குறையை வரவழைக்கிறது என்று சொல்வது அவர் வேலை. வெள்ளை உடை, வெறும் கால், காதில் ஒலிவாங்கி.

"கேப்டன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்ன முதல் வாக்கியம் என்ன?" என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சக்கரம் இறங்கலன்னு சொன்னேன்" என்றார் அன்றும் வரவழைக்கப்பட்டிருந்த கேப்டன்.

"பாருங்க. இறங்கல. எதிர்மறை. ஒரு சக்கரத்தைப் பார்த்து நீ இறங்கலன்னு சொன்னா அது எப்படி இறங்கும்? ஒரு குழந்தைகிட்ட நீ மக்குன்னு சொன்னா படிக்குமா?"

"வேற எப்படிச் சொல்றது?"

"சக்கரம் உள்ளே பத்திரமா இருக்குன்னு சொல்லியிருக்கணும்."

குழு உறுப்பினர்கள் சுழலும் நாற்காலிகளில் பாதி வட்டம் சுழன்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாத்தியமான காரணம் என்றால் இதுதான். நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனாலும் ஒரு கேப்டனின் லைசென்ஸைப் பறிக்க இது போதுமா என்று தலைவருக்கு ஒரு சிறு உறுத்தல். செயலாளர் அதைப் புரிந்துகொண்டு ஒரு புகைப்படத்தை மேசைமேல் வைத்தார்.

தோட்டத்திலிருந்து தூக்கிய விமானத்தின் மூக்குக்கு அடியில் எடுத்த படம். அமைச்சரின் முகம் இருந்த இடத்தில் தேய்ந்த தகரம். ஒரு காது மட்டும் மிச்சம்.

இதுவரை நடந்தது ஒரு விபத்தைப் பற்றிய விசாரணை. இப்போதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் உறைத்தது.

"கேப்டன்," தலைவரின் குரல் மாறியிருந்தது. "மூக்கைத் தரையில வச்சது யாரு?"

"நான்தான்."

"தெரிஞ்சே வச்சீங்களா?"

"தெரிஞ்சுதான் ஐயா. தெரியாம வச்சிருந்தா எல்லாரும் செத்திருப்பாங்க."

"மாண்புமிகு அமைச்சரோட முகத்தை, ஓடுதளம் முழுக்க, தெரிஞ்சே தேய்ச்சிருக்கீங்க."

"அவர் முகம் அங்க இருக்குன்னு அப்ப எனக்கு யாரும் சொல்லல."

"தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"அப்பவும் அதையேதான் செஞ்சிருப்பேன். விமானத்துக்கு மூக்கு ஒண்ணுதான்."

"மல்லாக்க இறக்கியிருக்க முடியாதா?"

கேப்டன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல மறுத்தார் என்று எழுதிக்கொண்டார்கள்.

அவருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பயணிகள். அவர்கள் விமானத்தின் மூக்கு தேய்ந்த ஓசையைக் கேட்டவர்கள். இறங்கி வந்து, இடுக்கில் பிதுங்கியிருந்த பட்டியைத் தங்கள் விரலால் தொட்டுப் பார்த்தவர்கள். "ஜனங்க சொல்லுவாங்க" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அவர் சட்டையை இஸ்திரி போட்டாள்.

விசாரணையின் கடைசி நாளில் பயணிகளை அழைத்தார்கள். அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே விமான நிலையத்தின் பெட்டிக் கிடங்கு. பூட்டிய கம்பிக் கதவுக்கு அப்பால் அந்த விமானத்தின் பெட்டிகள் எல்லாம் அடுக்கப்பட்டு, சீல் வைக்கப்பட்டு இருந்தன. பயணிகள் உள்ளே நுழைந்ததும் கேப்டனைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு ஓடினார்கள்.

"அதோ, நீலம், நம்மளுது."

"கைப்பிடி உடைஞ்சிருக்கு பாருங்க. பாவிங்க."

"ஏங்க, அது மேல யாரோ தோல் பையை வச்சிருக்காங்க, நசுங்கிடும்."

தலைவர் மேசையைத் தட்டினார். "பெட்டிகள் எல்லாம் வழக்குச் சொத்து. காரணம் பட்டின்னு ஆனா, பட்டி பூசினவங்க, பூசச் சொன்னவங்க, பட்டி செஞ்ச தொழிற்சாலைன்னு விசாரணை நீளும். வழக்கு முடியற வரைக்கும் பெட்டி உள்ளதான் இருக்கும். காரணம் கேப்டனோட எதிர்மறை எண்ணம்னு ஆனா, வழக்கு இன்னைக்கே முடியுது. இதைச் சாட்சிகள் மேல எந்த நிர்ப்பந்தமும் இல்லாம, தகவலுக்காகச் சொல்றேன்."

முன்பு தேம்பி அழுத பருத்த ஆள் எழுந்தார். "சார், கேப்டன் எங்க உயிரைக் காப்பாத்தினாரு. அதைச் சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம்."

"சரி."

"ஆனா மருமகளுக்கு வாங்கின சாமான் எல்லாம் அந்தப் பெட்டியிலதான் இருக்கு. ரெண்டு வாரமா அவ முகம் கொடுத்துப் பேசல."

"கேப்டன் எதிர்மறையா நினைச்சிருக்கலாம்னு கருதுறவங்க கையைத் தூக்குங்க."

கை முறிந்தவர் மற்றக் கையைத் தூக்கினார். முன்பல் போனவர் தூக்கினார். ஒரு தாய் தன் கைக்குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கினாள். கேப்டன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த முகங்கள் அத்தனையும் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தன.

கம்பிக் கதவு அப்போதே திறந்தது. லைசென்ஸ் அப்போதே ரத்தானது. அரசு இயந்திரம் மெதுவாக நகர்கிறது என்று சொல்பவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

கேப்டன் படியிறங்கி வந்தபோது பயணிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கையில் பெட்டி, சட்டைப் பையில் கழகம் நல்லெண்ணமாக வழங்கிய இலவசத் திரும்பு பயணச் சீட்டு. வெளியே அவர்கள் ஏற வேண்டிய இன்னொரு விமானம் நின்றது. அதன் மூக்குக்கு அடியில் சாரம் கட்டி, பட்டி வாளிகளும் நனைந்த தூரிகைகளுமாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"சார், நாங்க எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கோம்" என்றார் பருத்த ஆள். "நீங்க ஓட்டினாத்தான் ஏறுவோம். வேற யாரையும் நம்ப மாட்டோம். இதுக்காகப் போராடவும் தயார்."

"ஆமா சார்" என்றார்கள் எல்லோரும். ஒருவர் முஷ்டியைக்கூட உயர்த்தினார்.

"என் லைசென்ஸ் மேல இருக்கு" என்றார் கேப்டன். "நீங்க கையைத் தூக்கினப்ப ரத்து பண்ணிட்டாங்க."

பெட்டிச் சக்கரங்கள் இங்கும் அங்கும் கிறீச்சிட்டன.

"அப்ப இதை யாரு சார் ஓட்டுவாங்க?"

கேப்டன் சாரத்தின் மேல் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு இவர்களைப் பார்த்தார்.

"யாரு ஓட்டினா என்ன? பெட்டி பத்திரமாப் போய்ச் சேரும்."

அதைக் கேட்டு அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. வரிசையில் போய் நின்றார்கள்.