தூரம்னு சொல்லத் தெரியாத அரண்மனை

ஒரு பெரிய மருத மரப் பொந்துல தேனீங்களோட ராஜ்யம் ஒண்ணு இருந்துச்சு. அங்க பேச்சுன்னா ஆட்டந்தான். பூவக் கண்டுபிடிச்சிட்டு வர்ற தேனீ கூட்டுக்கு நடுவுல நின்னு இடுப்ப ஆட்டும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எல்லாம் அந்த ஆட்டத்துலயே இருக்கும். பாத்ததுங்க நேரா போயி அந்தப் பூவுல இறங்கிடும்.

மந்திரிங்க மட்டும் ஆண் தேனீங்க. பொறந்ததுல இருந்து ஒரு பூவையும் பாத்ததில்ல. மத்தவங்க ஊட்டுனா சாப்பிடுவாங்க, மிச்ச நேரத்துல சட்டம் போடுவாங்க. அவங்க பாஷை ரொம்ப சுலபம். தலைய லேசா சாய்ச்சா 'இங்க', நல்லா சாய்ச்சா 'அங்க'. கூட்ட விட்டே வெளிய போகாதவங்களுக்கு வேற என்ன வேணும்?

கல்வி மந்திரி மதுபூஷணர் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. பிள்ளைங்க இடுப்ப ஆட்டிப் பாடம் படிக்கறதப் பாத்து முகத்தச் சுளிச்சாரு.

"இடுப்பசைவு நாகரிகமற்றது. இன்றுமுதல் மாணவர்கள் அரண்மனைத் தலையசைப்பில் மட்டுமே உரையாட வேண்டும். மீறினால் பள்ளியிலிருந்து நீக்கம்!"

பிள்ளைங்க தலைய சாய்ச்சு 'அங்க'ன்னாங்க. கேட்டவங்க எங்கெங்கயோ சுத்திட்டு வெறும் வயித்தோட திரும்புனாங்க. உடனே அடுத்த சட்டம் வந்துச்சு: அரண்மனை பாஷைய மீறாம வெறுங்கையோட வர்றவங்களுக்கு 'மொழிச்செல்வர்' பட்டம். கூடு பூரா செல்வருங்க, தேன் அறை பூரா காலி. பசியில எல்லாரும் நடுங்க ஆரம்பிச்சாங்க. நடுங்குனா இடுப்பும் ஆடுதேன்னு மந்திரி நடுங்கறதுக்கும் தடை போட்டாரு.

செவந்தின்னு ஒரு மாணவி. ஏரிக்கு அந்தாண்ட ஒரு புங்க மரம் கொத்துக்கொத்தா பூத்து நிக்கறத அவதான் பாத்துட்டு வந்தா. அவளோட குட்டித் தங்கச்சிங்க அறைக்குள்ள பசியில சுருண்டு கெடந்துச்சுங்க.

"ஆடிடாதடி, பள்ளிக்கூடத்துலருந்து தூக்கிருவாங்க"ன்னா கூடப் படிக்கிற பொன்னி.

"நான் ஒருத்தி கொண்டாந்தா எத்தன வாய்க்குக் காணும்டி?"

அதுக்குள்ள மந்திரிக்கே சாப்பாடு நின்னுபோச்சு. செவந்தி பூவப் பாத்துட்டு வந்தது தெரிஞ்சு அவளக் கூப்பிட்டாரு.

"மலர் எங்கே உள்ளது?"

செவந்தி பணிவா தலைய சாய்ச்சா.

"எவ்வளவு தொலைவு?"

"அதச் சொல்ல உங்க பாஷையில வழியில்லீங்க ஐயா. நீங்கதான் தூரமா எங்கயும் போனதே இல்லையே."

தானே தேடிக்கறேன்னு மந்திரி கோவமா கெளம்புனாரு. மருத மரத்தையே சுத்திச் சுத்தி வந்து, மூச்சு வாங்கிட்டே உள்ள வந்து விழுந்தாரு.

"யாரும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் உன் ஆட்டத்தில் சொல்" அப்படின்னு கிசுகிசுத்தாரு.

"ஒளிஞ்சுகிட்டு ஆட மாட்டேன் ஐயா. வகுப்புல, எல்லாரும் பாக்கத்தான் ஆடுவேன்."

மந்திரி யோசிச்சாரு. அவர் வயிறு யோசிக்கல, சத்தமா கத்துச்சு. "சரி, ஆடு!"

செவந்தி ஆடுனா பாருங்க, பள்ளிக்கூடமே சேர்ந்து ஆடுச்சு. அடுத்த நொடி அங்க ஒரு பிள்ளையும் இல்ல. எல்லாம் புங்க மரத்துல! சாயங்காலம் தங்கச்சிங்க வயிறு முட்டக் குடிச்சிட்டு அறைக்குள்ள புரண்டுச்சுங்க.

மதுபூஷணர் மேடையில ஏறுனாரு.

"மாணவர்களே! இந்த அரிய ஆட்டத்தை அரண்மனை பெருந்தன்மையோடு உங்களுக்கு வழங்குகிறது. இதில் சில விதிமுறைகள்..."

"எங்களோடத எங்களுக்கே தர்றீங்களா? ரொம்ப சந்தோசம் ஐயா"ன்னு சொல்லிட்டே, அவர் தொறந்த வாயில செவந்தி பெருசா ஒரு சொட்டு தேன வச்சா.

அன்னைக்கு அதுக்கப்புறம் ஒரு சட்டமும் வரல.