ஈரல் தகடும் எங்கள் வெற்றிடப் பெட்டியும்

ஹெராக்லியோன்,
செவ்வாய், பகல்.

மதிப்பிற்குரிய மானூசோஸ் மாமாவுக்கு சிஃபிஸ் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே எவாந்தியா அத்தை நலமில்லை என்பது தெரிந்ததே. ஆகவே நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. நேரில் சொன்னால் கேட்டுக்கொள்வதில்லை. அதனால் எழுதி, மாலை பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஊர் சீத்தியா பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வராதீர்கள்.

மூன்று வாரத்தில் ஐந்து முறை வந்துவிட்டீர்கள். முதல் முறை, தூசி நுழையக்கூடாத அறைக்குள் மீசைக்கு வலை கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்றதற்கு, கல்யாணத்தன்றே மூடாத மீசை என்று வாசலில் இருபது நிமிடம் வாதாடினீர்கள். இரண்டாம் முறை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் மேல் பாலாடைக்கட்டி அப்பத் தட்டை வைத்தீர்கள். எதையும் வைக்காதீர்கள் என்று அதில் தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளைப் பிய்த்துத் தட்டுக்கு அடியில் விரித்தீர்கள். மூன்றாம் முறை பஸ்ஸில் வந்தவர்களிடமெல்லாம் என் பெருமையைப் பேசி, இரண்டு பேரைக் கையோடு கூட்டி வந்தீர்கள். ஒருவருக்குப் போன் பேட்டரி ஒரு வாரம் நிற்கவேண்டும், இன்னொருவருக்கு மாடியில் பூசினால் மின்சாரம் வரும் சாயம் வேண்டும். பக்கத்து அறையில் அந்த வேலைகள் நடக்கின்றனதான், ஆனால் நகம் அளவு கண்ணாடித் துண்டில். அவருடைய மாடி நூறு சதுர மீட்டர்.

நான்காம் முறைதான் எலிகளைப் பார்த்தீர்கள். அன்றே தெளிவாகச் சொன்னேன். அவற்றுக்கு நாங்கள் ஏற்றுவது தங்கத் துகள்கள், மயிரிழையின் அகலத்தில் ஆயிரம் அடுக்கலாம், அவ்வளவு சின்னவை. எலியின் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தபின் ஒளி பாய்ச்சினால் சூடேறிக் கட்டியைச் சுடவேண்டும். ஆனால் போய்ச் சேருவதில்லை. நூற்றுக்கு ஒன்று போனாலே எங்களுக்குக் கொண்டாட்டம். மீதியில் பெரும்பகுதி, எங்கே அனுப்பினாலும், நேராக ஈரலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?

"அதான்டா வேணும். அவளுக்கு நோவே ஈரல்லதான?"

மாமா, அது நல்ல ஈரலில் உட்காருகிறது, கட்டிக்குள் நுழைவதில்லை. இதை மூன்று தடவை விளக்கினேன். மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு, "எலிக்குக் குடுக்கிற, அத்தைக்குக் குடுக்க மாட்டியா?" என்றீர்கள். அந்த எலிகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். இப்போது சொல்கிறேன்.

ஐந்தாவதை எழுதவே கை கூசுகிறது. நேர்ந்துகொண்டு மாதா படத்தருகே தொங்கவிடும் தகட்டை, ஈரல் அச்சடித்த அந்தத் தகட்டை, கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி நழுவி, காற்றை உறிஞ்சிவிட்டுத் தங்கம் படியவைக்கும் எங்கள் வெற்றிடப் பெட்டிக்குள் மாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். தங்கம் படிகிற இடத்தில் தொங்கினால் சீக்கிரம் பலிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பெட்டியைச் சூடேற்றியதும் தகட்டிலிருந்த துத்தநாகம் ஆவியாகி உள்ளே முழுவதும் அப்பிக்கொண்டது. மூன்று நாள் நாலு பேர் சுரண்டினோம். பேராசிரியை கலியோபி அம்மையார் அதை இடுக்கியில் பிடித்துத் தூக்கி, "இது யாரோட ஈரல்?" என்று கேட்டார். என் அத்தையுடையது என்றேன். தகட்டை என் கையில் வைத்துவிட்டு அவரும் சுரண்ட உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மருத்துவமனையில் ஊசிமருந்து ஏற்றும் தவணை இரண்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். கேட்டால், "சிஃபிஸ் மருந்து வரட்டும்னு அவதான் சொல்றா" என்று பழியை அத்தைமேல் போடுகிறீர்கள். அத்தை முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தியவர். அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். என்னிடம் மருந்து இல்லை. இந்த வருஷமும் இருக்காது, அடுத்த வருஷமும் இருக்காது. இருக்கிற மருந்து அங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அத்தையைக் கூட்டிப்போங்கள். போகாவிட்டால் அவர் உயிருக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அத்தைக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். இந்த வரி அம்மா எழுதச் சொன்னது.

உங்கள் மருமகன்,
சிஃபிஸ்

பி.கு.: உறையை ஒட்டியபின், வியாழக்கிழமை தயாராக இருக்கச் சொல்லலாமென்று அத்தைக்குப் போன் போட்டேன். அதனால்தான் உறையைக் கிழித்து மறுபடி ஒட்டியிருக்கிறது.  அத்தை சொன்னார்: "இனி ஏத்தி ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் போன மாசமே சொல்லிட்டாருடா. நான்தான் வேணாம்னேன். உங்க மாமா வீட்ல இருந்தா என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்காரு. வலிச்சா முகம் சுளிக்கக்கூட முடியல. அதான் உன்கிட்ட அனுப்புறேன். போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். அவருகிட்ட சொல்லிடாத."

நீங்கள் பஸ்ஸில் இருக்கும் அந்த ஆறு மணி நேரம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லையாம்.

சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன். எனக்கு மறைக்க வராது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள் மாமா, பொறுப்பு என்று எழுதினேனே, அதை முதலில். வியாழக்கிழமை எங்கும் போகவேண்டாம். பஸ் நிலையத்தில் நின்று இதையே திரும்பப் படித்துக்கொண்டிருக்காமல் வீட்டுக்குப் போங்கள். அத்தை முகம் சுளிக்கட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.