கொட்டகலை பஸ்ஸில் வந்த ரெட்செட்

"ஸ்டோர்ல குடுக்க முடியாதுன்னுட்டாங்கய்யா," என்று வெறுங்கையோடு வந்து நின்றார் ஃபிட்டர் செல்லசாமி.

தேயிலைத் தொழிற்சாலையின் மாடிக்குக் கொழுந்து மூட்டை ஏற்றும் வின்ச் காலையிலேயே படுத்துவிட்டது. பல்சக்கரம் பின்னால் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புத் துண்டு உடைந்திருந்தது. தோட்டமே அதை 'நாக்கு' என்றுதான் சொல்லும். புது உதவி அதிகாரி ஜெரோஷன் மட்டும் சொல்லமாட்டான். நாக்கு, தவளை, மாமியார் என்று இயந்திரச் சாமான்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருப்பது அவன் படித்த படிப்புக்கே அவமானமாக இருந்தது. வந்த முதல் வாரமே அதைக் கண்டித்து ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டினான். ஒட்டியதோடு மறந்தும் போனான்.

கீழே மூட்டைகள் குவிந்தன. சாக்குக்குள்ளேயே கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும்.

"மூணு மணிக்கு அடுத்த லொறி வரும். அதுக்குள்ள எல்லாத்தையும் ஏத்தலன்னா நீ பெட்டியக் கட்டிக்கலாம்," என்று தோட்ட மேனேஜர் பெரிய தொரை போனில் சொல்லிவிட்டார். ஜெரோஷனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அந்தத் துண்டின் இங்கிலீஷ் பெயரைப் போனிலேயே அகராதியில் தேடினான். 'ரெட்செட்' என்று வந்தது. ஸ்டோரில் தீர்ந்துவிட்டது போலும் என்று உடனே கொட்டகலை டவுன் இரும்புக் கடைக்கு அழைத்தான்.

"ரெட்செட் ஒண்ணு அவசரமா வேணும். பஸ்ல குடுத்து விடுங்க."

பதினொன்றரை பஸ்ஸில் வந்தது, நட்டுக் கழற்றுகிற ஸ்பேனர்.

"அதுவும் ரெட்செட்தானே சார்?" என்றார் கடைக்காரர் போனில்.

"ஐயோ, பாரத்த இழுத்துப் பிடிக்கிற ரெட்செட்!"

"அப்புடிச் சொல்லுங்க!"

ஒரு மணி பஸ்ஸில், லொறியில் சாமான் கட்டுகிற மஞ்சள் பட்டி வந்தது. அதன் பூட்டுக்கும் பெயர் ரெட்செட்தானாம்.

"இதையே சக்கரத்துல கட்டிப் பாப்போம் அண்ணே," என்றான் ஜெரோஷன்.

"வேணாங்கய்யா, சுத்திக்கிரும்."

"நான் சொல்றதச் செய்யுங்க!"

கட்டினார்கள். ஒரே சுற்று. பட்டி பல்லுக்குள் போய்ச் சிக்கி, மூட்டை ஒன்று பாதி வழியில் அந்தரத்தில் தொங்கியது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. செல்லசாமி கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

பட்டியை அறுத்து மூட்டையை இறக்கும்போது மணி இரண்டே முக்கால். மேல் வளைவில் லொறியின் ஹார்ன் கேட்டது.

ஜெரோஷன் ஸ்டோருக்கு ஓடினான். ஸ்டோர் பொறுப்பாளர் தெரேசா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வின்ச்சுக்கு ரெட்செட் மாதிரி எதாச்சும் இருக்கா?"

"புத்தகத்துல அப்புடி ஒண்ணும் இல்லங்களே சார்."

அவன் கண் கலங்கிவிட்டது. படிப்பு, மானம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு குனிந்து கிசுகிசுத்தான்.

"அதாங்கக்கா... நாக்கு."

தெரேசா இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பன்னெண்டு இருக்குங்க சார், ஆனா அந்தப் பேரச் சொல்லி யாரு வந்து கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு ஒங்க கையெழுத்துப் போட்ட நோட்டீசு ஒங்க தலைக்கு மேலதான் ஒட்டியிருக்கு."