மாமியார் ஊரைத் தொடாத பாதை

இந்தக் கதையில் என் மாமியார் ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுவார். வந்தால் லேசில் போக மாட்டார்.

அந்த ஊர் எங்கள் நைனார்பாளையத்திலிருந்து ஏரிக்கரை வழியாக மூன்றே கிலோமீட்டர். ஆனால் கரை முழுக்க வேலிகாத்தான் முள். பாம்பே யோசித்துத்தான் போகும். ஆகவே பஸ். பஸ் ஊர் ஊராகச் சுற்றும், நடுவில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும், மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். என் மாமியார் பெரியநாயகி அம்மாளுக்குப் பஸ் ஏறினால் வாந்தி வரும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் வரவு. அந்த ஒரு தடவையிலேயே காலை நாலரைக்கு என் போர்வையை உருவி, "இன்னா மாப்ள, இன்னும் தூங்கிக்கினு இருக்கீங்க?" என்பார்.

எங்கள் இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியம் அன்பினால் நிற்கிறது என்று என் மனைவி ஆண்டாள் ஊரெல்லாம் சொல்லுவாள். அது அந்தப் பதினான்கு கிலோமீட்டரால் நிற்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்படி நிம்மதியாக இருக்கும்போதுதான் அந்தச் சேதி வந்தது. நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலத்துக்கு நடக்கவும் சைக்கிள் விடவும் தனிப்பாதை போடப் போகிறார்கள்! மெயின் ரோட்டில் கரும்பு லாரிக்குப் பயந்து பள்ளத்தில் இறங்கி இறங்கி நடந்த ஊர் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். கிராம சபையில் ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். தட்டித் தட்டித் தொண்டை வறண்டுபோய், தண்ணீர்ப் பானை எங்கே என்று கேட்கக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையைப் பார்த்து, பாதைக் கமிட்டிச் செயலாளர் ராஜாங்கம் என்று என் பெயரை எழுதிவிட்டார்கள்.

பதவி வந்ததும் நடையே மாறிவிட்டது. வயலுக்குக்கூடச் சலவை வேட்டிதான். ஓவர்சியர் தெய்வசிகாமணியோடு மதகு வரை போய் வழி பார்த்தேன். அவர் விளக்கினார்.

"மதகு வரைக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. இங்க ரெண்டாப் பிரியுது. எடது பக்கம் ஏரிக்கரை, வலது பக்கம் வாய்க்கால் கரை. ரெண்டுல போனாலும் சின்னசேலம்தான். ஏரிக்கரை நல்லா அகலம், அதுல கல்லு நட்டு வெக்கிறேன். கமிட்டி கூடிப் பேசி வேற முடிவு பண்ணா வாய்க்கால் கரைக்கு மாத்தி நட்டுக்குங்க. வெள்ளிக்கிழமை காலையில வருவேன். கல்லு எங்க நிக்குதோ அதான் பாதை."

ஏழு கல். வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஒன்றிலிருந்து ஏழு வரை சிவப்பில் எண் போட்ட கல். அவர் நட்ட அழகை ரசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து ஆண்டாளிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"ஏரிக்கரையா? எங்க அம்மா ஊரு வழியாவாங்க?"

"எந்த வழியானா இன்னா?"

"இன்னாவா? ஏழு மாசமாச்சுங்க அம்மாவப் பாத்து. ஒண்டியாக் கெடக்குது அங்க. சைக்கிள் கத்துக்கினேன்னா கா மணி நேரத்துல போயிடுவேன். அம்மாவுக்கும் பஸ்ஸு வேணாம். தெனம் நடந்தே வந்துட்டுப் போவும்!"

அவள் கண்ணில் தண்ணீர். நான் கணக்குப் போட்டேன். தினம்! முந்நூற்று அறுபத்தைந்து நாலரை மணி!

"வாய்க்கால் கரைதான் நல்லது ஆண்டாளு. நெழலு."

"அங்க இருக்கறது ஒத்தப் புங்கமரம்."

"ஒண்ணு போதாதா?"

"போறவங்க வரவங்க எல்லாம் அதுக்குக் கீழயே நின்னுக்கினு இருப்பாங்களா?"

அங்கேயே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். பாதை வரட்டும், ஊர் வாழட்டும், ஆனால் என் மாமியார் ஊரைத் தொடாமல் வாழட்டும். கமிட்டியைக் கூட்டினால் மற்ற நாலு பேரும் ஏரிக்கரை என்றுதான் சொல்லுவார்கள். எனவே கமிட்டியை என் மனசுக்குள்ளேயே கூட்டி, ஒரு மனதாக வாய்க்கால் கரையைத் தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை உச்சி வெயில். நூறு நாள் வேலைப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். துண்டைச் சும்மாடாக்கித் தோளில் போட்டுக்கொண்டு முதல் கல்லைப் பிடுங்கினேன். பார்க்க முழங்கால் உயரம்தான். தூக்கினால் என் கல்யாணத்து அண்டாவைவிடக் கனம். ஏழு நடை! வாய்க்கால் கரை தொடங்குகிற இடத்தில், புங்கமரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். ஏழாவது கல்லோடு இடுப்பு விட்டுப்போயிற்று. இனி இடம் விட்டு இடம் குழி தோண்டி நட முடியாது. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று, வாய்க்காலில் உருண்டு விடாமல் ஏழையும் ஒரே வரிசையாக நிமிர்த்தி, அடியில் மண் அணைத்துவிட்டு வந்தேன். வரிசை என்ன நேர்த்தி! திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் குப்புறப் படுத்தேன். ஆண்டாள் துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க, துண்டு பூரா வெள்ளை?"

"கொக்கு எச்சம்."

"இவ்ளோ அகலமாவா?"

"பெரிய கொக்கு."

"முதுகுல இன்னா?"

"வாயு புடிச்சிக்கிச்சி."

"கொக்கு மேல உக்காந்த வெயிட்டா?"

மதகுப் பக்கம் போய் ஆட்டுக்குத் தழை ஒடித்துவருவதாகச் சொல்லிப் போனாள். திரும்பி வந்தவள் முகத்தில் அப்படி ஒரு கனிவு. வெந்நீர் ஒத்தடம் என்ன, விளக்கெண்ணெய்த் தடவல் என்ன! சாயங்காலம் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அசையாதீங்க. செயலாளர் ஒடம்பு ஊருக்குச் சொந்தம்."

"மதகு வரைக்கும் ஒரு நட..."

"நான் இருக்கேன்ல? படுங்க. நாளைக்கு ஆடி வெள்ளி, கடைக்குப் போயி மஞ்சள் வாங்கியாரணும்."

"வூட்டுல இல்லியா?"

"இருக்குது. இந்த வருசம் ஜாஸ்தி வேணும்."

அப்போதாவது எனக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். எண்ணெய் தடவிய சுகத்தில் தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் குலவைச் சத்தம். வாய்க்கால் பக்கமிருந்து! இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

புங்கமரத்தடியில் என் ஏழு கல்லும் குளித்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆளுக்கொரு மஞ்சள் துணி கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆமாம், உட்கார்ந்திருந்தார்கள். இனி அது என்று சொல்ல முடியாது. வெள்ளைப் பெயிண்ட் தெரியவில்லை, சிவப்பு எண் தெரியவில்லை. ஏரிப் பக்கம், மரத்தடியில், வரிசையாக ஏழு கல் நின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான். ஏழு கன்னிமார் சாமி! நிமிர்த்தி வைத்தபோது இதுகூட உறைக்காமல் வரிசையை ரசித்திருக்கிறேன் பாருங்கள். தெரு ஓரத்தில் ஆறு கல்லோ எட்டுக் கல்லோ இருந்தால் நாய்கூட மதிக்காது.

நூறு நாள் வேலைப் பெண்கள் மொத்தமும் அங்கே. அவர்களுக்குத் தலைவி இருசம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பிக் கூவினாள்.

"ஏழு பேரும் தானா வந்து எறங்கி இருக்காங்கடி!"

நடுவில் கற்பூரத் தட்டோடு ஆண்டாள்.

"இன்னாங்க அப்படியே நிக்கிறீங்க? கன்னத்துல போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்.

"ஆண்டாளு, இது கவருமெண்டு கல்லு."

"அப்படியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு... தெரியும்."

"அதை ஏன் மெதுவாச் சொல்றீங்க? இருசம்மாக்கா காதுல உழறாப்ல சொல்லுங்க. யாரு புடுங்கியாந்ததுன்னும் சேத்துச் சொல்லுங்க."

நான் கூழ் குடிக்கிற வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

ஓவர்சியர் வந்தார். ஏரிக்கரையில் கல்லைக் காணோம், குழிதான் இருந்தது. வாய்க்கால் கரைப் பக்கம் வந்தார். மஞ்சளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"செயலாளரே, நம்ம ஏழு கல்லு..."

"மாடு..." என்றேன். அதற்கு மேல் மாட்டுக்கு என்ன வேலை கொடுப்பதென்று தெரியவில்லை.

ஆண்டாள் முன்னால் வந்து தட்டை நீட்டினாள். அவர் பயபக்தியோடு விபூதி எடுத்துக்கொண்டார்.

"சார், கன்னிமாரு குந்தினு இருக்கற கரையில சைக்கிள் உடலாமா? செருப்புக் காலோட போவலாமா?"

"ஐயய்யோ, கூடவே கூடாதும்மா."

"அப்ப ஏரிக்கரைதான சார்? குழிகூட அப்படியே இருக்குது. கல்லுதான் இல்ல."

"கல்லு வேற ஏழு பஞ்சாயத்து ஆபீசுல கெடக்குது. தூக்கியாந்து நடறதுக்குத்தான் ஆளு வேணும்."

"எங்க வூட்டுக்காரரு இருக்காரே."

"முதுகு..." என்று ஆரம்பித்தேன்.

"வாயுதான சார், காலையிலயே போயிடுச்சி. கன்னிமாரு சாட்சியாச் சொல்றேன், கல்லு தூக்கறதுல இவருக்கு நல்ல பழக்கம்."

பெண்கள் குலவை போட்டார்கள். ஏழு நடை. இந்த முறை பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஏரிக்கரைக்கு. ஊரே பார்த்தது. கமிட்டிச் செயலாளர் தானே கல் சுமக்கிறார் என்று நாலு பேர் கண் கலங்கினார்கள். நானும் கலங்கினேன், இடுப்பு அப்படி.

அப்புறம் வேலை ஜரூராக நடந்தது. இருசம்மாள் கோஷ்டி முள்ளை வெட்டி வெட்டிப் போர் போட்டது. மண் அடித்தார்கள், கிராவல் போட்டார்கள். ஆண்டாள் அந்தப் புது மண்ணிலேயே விழுந்து எழுந்து சைக்கிள் கற்றுக்கொண்டாள். தை பிறந்து நாலாம் நாள் பாதை திறந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அன்றைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பக்கம் நிறைந்த ஏரி, தூரத்தில் நீலமாகக் கல்வராயன் மலை, நடுவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது நாற்பது சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு லாரி இல்லை. கிழவர்கள் சும்மாவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

ஆண்டாள் புடவையை இழுத்துச் செருகி, சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றி என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வரட்டுமாங்க?"

ஏழு மாதம் பார்க்காத அம்மா, இப்போது வருடமே தாண்டிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. நல்லவேளை தோற்றோம் என்றுகூட நினைத்தேன். "பாத்துப் போ" என்றேன். மணி அடித்துக்கொண்டே பறந்தாள்.

போன வேகத்தில் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் ஒரு தகரப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பெட்டியைப் பிடித்தபடி பின்னால் விறுவிறுவென்று மாமியார்.

"மாப்ள! மூணு கிலோமீட்டரு! ஒரு வாந்தி இல்ல!"

"வாங்க அத்த. பெட்டி இன்னாத்துக்கு?"

"கன்னிமாருக்கு ஒரு மண்டலம் வெளக்கு ஏத்தறதா வேண்டிக்கினேன். நாப்பத்தெட்டு நாளு."

"தெனம் நடந்து வந்து ஏத்திட்டுப் போயிடலாமே அத்த. அதுக்குத்தான பாதையே போட்டோம்?"

"காலையில நாலரைக்கு ஏத்தணும் மாப்ள. இருட்டுல எப்படி வரது? உங்களையும் எழுப்பிக் கூட்டினு போறேன். ஏழு பேரையும் தோள்லயே சுமந்தீங்களாமே, ஆண்டாளு எல்லாம் சொல்லிச்சி. அவ்ளோ பக்தி யாருக்கு வரும்?"

ஆண்டாள் கயிற்றை அவிழ்த்தாள்.

"துண்டை நல்லா மடிச்சிப் போட்டுக்குங்க. கொக்கு வருது."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அது என் பதினைந்தாவது கல்.