மோடத்துக்கு 'டி' போட்ட கதை

ஒரு காட்டில், காடு என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது, ஆபீஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு கம்ப்யூட்டரும், அது போன் லைன் வழியாக வெளியே பேச ஒரு மோடமும் இருந்தன. இரண்டுக்கும் அதிகாரி நரி. உட்கார்ந்து கட்டளை தட்டுவது கழுதை.

ஒரு மத்தியானம் கோமளா என்ற முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"ஐயா, ஆத்துல தண்ணி ஏறுது. கரையிலதான் என் வளை. கண்ணு முழிக்காத குட்டிங்க உள்ள கெடக்கு. ஒண்ணொண்ணா மேட்டுக்குத் தூக்கிட்டுப் போற வரைக்கும் மதகை மூடச் சொல்லி அணைக்குத் தகவல் குடுங்கய்யா!"

"ஏடி, கத்தாதடி. இது ஆபீஸ்" என்றது நரி.

கழுதை மோடத்தைப் போட்டது. "டயல் பண்ண ஏ, டி, டி, டின்னு அடிச்சு நம்பர் போடணும் சார்."

நரி துள்ளி எழுந்தது. "என்னது, ஏடியா? பத்தாததுக்கு இன்னும் ரெண்டு 'டி' வேறயா? அரசாங்கச் சொத்தை வாடி போடின்னு பேசுவியா? 'ஏங்க'ன்னு அடி!"

"அது இங்கிலீஷ் எழுத்து சார்."

"எந்த எழுத்தா இருந்தா என்ன? காதுல எப்படி விழுது பாரு!"

நரி படித்த மிருகமாயிற்றே, சொன்னால் ஏறுமா? கழுதை 'ஏங்க' என்று அடித்தது. மோடம் மூச்சுக்கூட விடவில்லை. "பாத்தியா, மரியாதை குடுத்ததும் எவ்வளவு அடக்கம்!" என்று நரி பூரித்துப்போய், வெற்றிலை துப்ப வெளியே போனது. தூ!

கோமளா அழுததைப் பார்க்கப் பொறுக்காமல் கழுதை சட்டென்று ஏ, டி, டி, டி அடித்து அணை நம்பரைப் போட்டது. மோடம் 'கீஈஈ... கர்ர்ர்' என்று கத்தியது. அந்தப் பக்கத்து மோடம் எடுத்துவிட்டால் அது அப்படித்தான் கத்தும்.

நரி பதறி ஓடிவந்தது. "அடப்பாவிங்களா! டி போட்டுப் பேசி அழ வெச்சிட்டீங்களே!" ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு மோடத்தைத் தடவிக்கொடுத்தது. திரையில் 'நோ கேரியர்' என்று விழுந்தது. லைன் போச்சு.

கோமளா கரைக்கு ஓடியது. வளை இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் ஆபீசில் கூட்டம் போட்டு மோடத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். கழுதைக்கு மெமோ கொடுத்தார்கள். நனைந்த உடம்போடு வாசலில் நின்ற கோமளாவைப் பார்த்து நரி சொன்னது:

"ஏடி, வழிய விட்டு நில்லுடி. மோடத்துக்கு மாலை வருது."

நீதி: பிறந்தால் மோடமாகப் பிற. யாராவது 'டி' போட்டால் ஏனென்று கேட்க ஆள் இருக்கும்.